பூசணிப் பிஞ்சுக்கு முதல் சவரம்

எங்கள் வீட்டில் நான் தொடக் கூடாத பொருட்கள் இரண்டு. ஒன்று, பீரோ மேல் இருந்த மாதா சுரூபம். இன்னொன்று, அதற்குப் பக்கத்திலேயே இருந்த அப்பாவின் சவரக்கத்தி. மாதாவையாவது மே மாதத்தில் பூ வைக்கிற சாக்கில் தொட்டுக்கொள்ளலாம். கத்திக்கு அந்தச் சலுகையும் கிடையாது. உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய நீளப் பெட்டியில், கொம்புப் பிடிக்குள் மடங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அது படுத்திருக்கும்.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான கையோடு கப்பலேறி, இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றிவிட்டுப் பல வருஷம் கழித்து வந்தவர். வந்த பிறகும் அவர் முன்னறையில், அம்மா அடுப்படியில். நடுவே காபி டம்ளரையும் சேதியையும் தூக்கிக்கொண்டு ஓட நான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. கோவிலிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தானே.

காலை ஆறு மணிக்கு அப்பா சவரம் செய்வதுதான் எனக்கு முதல் பூசை. கிணற்றடித் தூணில் தோல்வார் தொங்கும். அதில் கத்தியை மேலும் கீழும் இழுத்துத் தீட்டுவார். படக், படக் என்ற சத்தம் தெருவரை கேட்கும். பிறகு என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தியின் வாயில் வைப்பார். முடி இரண்டாகி விழும். அம்மாடி! அழுத்தவே மாட்டார், தொட்டாலே போதும். அப்பேர்ப்பட்ட கத்தி அவர் கன்னத்து நுரையை வழித்துக்கொண்டு கழுத்துக்கு இறங்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். உலகத்திலேயே பயமில்லாத மனிதர் என் அப்பாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயது நடக்கும்போது, ஈஸ்டர் முடிந்த வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் இழுத்து இழுத்து நடந்தது, பேச்சு குழறியது. வலது கை மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. முகத்தில் தாடி முளைத்தது. இடது கையால் மழிக்கப் பார்த்து, காதோரம் கிழித்துக்கொண்டு, துண்டெல்லாம் ரத்தம். அம்மா கடையிலிருந்து பிளேடு மாட்டுகிற சின்ன ரேசர் ஒன்று வாங்கிவந்தாள். "இது பசங்க வெளையாட்டுச் சாமான்" என்று அப்பா அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். தெருமுனை சலூன்காரரை வரவழைத்தோம். அவர் கை தாடையைத் தொட்டதுதான் தாமதம், அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவேயில்லை.

"என் கழுத்துல இன்னொருத்தன் கை வெக்கக் கூடாது" என்றார். எந்தச் சண்டையில் எதைப் பார்த்துவிட்டு வந்தாரோ, சொன்னதில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சொல்தாக்கள் எல்லாரும் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். அப்பா ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அந்த வருஷம் அம்மா கோட்டை எடுத்து வெயிலில் போட்டபோது, "உள்ள வையி" என்றார். "தாடியோட நின்னா அது பட்டாளமா? நான் போவல." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்படியே விட்டால் இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார் என்று அம்மா என்னிடமே சொன்னாள். அம்மா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப செபம். முடிவில் அம்மா விண்ணப்பங்களைச் சொல்வாள். "அவருடைய வலது கை சீக்கிரம் சரியாகணும், மாதாவே" என்பது ஏப்ரலிலிருந்தே முதல் விண்ணப்பம். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அம்மா மாதாவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாள் என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"சலூன்ல பொம்பள நான் போயி நிக்க முடியுமாடி? நீ போ. முடி வெட்டிக்கணும்னு சொல்லு. பக்கத்து நாற்காலியில சவரம் பண்ணுவாங்க இல்ல, கத்திய எப்பிடிப் புடிக்கிறாங்க, எங்க ஆரம்பிக்கிறாங்க, எல்லாத்தையும் பார்த்துட்டு வா."

அப்படித்தான் என் இரட்டைப் பின்னல் போனது. ஒரு சவரம் முழுக்கப் பார்க்க எனக்குக் கழுத்தளவு வெட்டுகிற நேரம் போதவில்லை. "இன்னும் கொஞ்சம் குட்டையா" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் காது தெரிய வெட்டிக்கொண்டேன். "ஆடாத பாப்பா, காது போயிடும்" என்று சலூன்காரர் என் தலையை நேராகத் திருப்புவார். நான் கண்ணை மட்டும் பக்கத்து நாற்காலிக்கு அனுப்புவேன். வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்க ஒப்பித்தேன். கத்தியை நிமிர்த்தியும் வைக்கவில்லை, படுக்கவும் போடவில்லை, சாய்வாகப் பிடிக்கிறார்கள். மறு கையால் தோலை இழுத்துப் பிடிக்கிறார்கள். முதல் தடவை முடி வளர்ந்த வாக்கிலேயே வழிக்கிறார்கள். தீட்டும்போது வாரில் மேலும் கீழும் இழுக்கிறார்கள். அம்மா என்னை ஒரு பெரிய ஆளைப் போலப் பார்த்தாள். பின்னல் போன துக்கம் அதோடு போயிற்று.

அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போய் நான்கு பூசணிப் பிஞ்சுகள் வாங்கிவந்தாள். பிஞ்சுப் பூசணி மேல் வெள்ளை வெள்ளையாகச் சுணை இருக்கும், பார்த்தால் மூன்று நாள் தாடி மாதிரியே. அப்பா மதியம் தூங்கும்போது கொல்லையில் ஒரு பிஞ்சை மடியில் வைத்துச் சோப்பு நுரை பூசி, மாதா பக்கத்திலிருந்து கத்தியை எடுத்துவந்து விரித்தாள். வெயில் பட்டு அது பளிச்சென்றது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். முதல் பிஞ்சு கண்டதுண்டம். இரண்டாவதுக்குக் கன்னம் போயிற்று. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பூசணிக்கூட்டு, பூசணி சாம்பார். நான்காவது பிஞ்சில் கத்தி சரசரவென்று இறங்க, சுணை மட்டும் நுரையோடு வந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை. அடேயப்பா! மொழுமொழுவென்று பச்சையாக அது மின்னியதை நான் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் அம்மா சோறு போடும்போது கவனித்தேன், அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு முடிகூட இல்லை.

ஒற்று வேலைக்குப் போன நான் ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தேன். வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டுமா, வாய் முன்னே போக வேண்டுமா என்று நான் பார்த்துவைக்கவில்லை. அம்மா, மீன் வெட்டுகிற கத்தியைக் கல்லில் தீட்டுவதுபோல வாயை முன்னே விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். பல கடல் தாண்டி வந்த தோல்வார், முருங்கைக்காய்த் தோல் மாதிரி உரிந்து தொங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா தடியை ஊன்றிக் கிணற்றடிக்கு வந்தார். வாரைப் பார்த்தார்.

"யாரு?"

என் பேரைச் சொல்லியிருந்தால் நான் அடி வாங்கியிருப்பேன், அதோடு போயிருக்கும். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தான். உங்களுக்குச் சவரம் பண்ணக் கத்துக்கிறேன். பதினாலாம் தேதிக்கு நீங்க போயே ஆவணும்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முடி இல்லாத அவள் கையைப் பார்த்தார். அதில் மெல்லிசாக இரண்டு மூன்று கோடுகள் காய்ந்திருந்தன. கத்துவார் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கிழியாத பக்கத்தைத் திருப்பி, இடது கையால் வாரின் நுனியை இழுத்துப் பிடித்தார்.

"முதுகு முன்னால போவணும். வாய் பின்னால வரணும். துஸ்மான்."

மெதுவாக என்பதற்கு அவருடைய பிரெஞ்சுச் சொல் அது.

ஜூலை பதினாலாம் தேதி காலை அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாதத் தாடியை முந்தின நாளே அம்மா கத்தரியால் ஒட்ட வெட்டியிருந்தாள். சுடுதண்ணீரில் நனைத்த துண்டைக் கன்னத்தில் ஒற்றி, பிரஷ்ஷால் நுரை பூசி, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். இடது கையால் அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். உலகத்திலேயே பயமில்லாத மனிதர்! அவர் கண் கத்தியை விட்டு அகலவில்லை.

கன்னம் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது அப்பா விழுங்கினார், குரல்வளை ஏறி இறங்கியது. கத்தி அந்தரத்தில் நின்றது. "துஸ்மான்" என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. ஆடாதீங்க. கண்ணை மூடிக்கிங்க" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்த்து அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. வானம் இடிந்து கிணற்றில் விழப்போகிறது என்று நின்றேன். அப்பா கண்ணை மூடினார். தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை முழுதாகக் கொடுத்தார். கைப்பிடியிலிருந்து கை தளர்ந்தது. கத்தி அந்த மேட்டில் ஏறி இறங்கி வந்தது. நான் அழுதுவிட்டேன், ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. தாடைக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில் ரத்தம் புள்ளி வைத்தது. படிகாரக் கட்டியை ஒற்றினோம், நின்றது.

அன்றைக்கு அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றார். சல்யூட் அடிக்க வலது கை எழவில்லை. ஆனால் அவ்வளவு பேரில் முகம் பளபளவென்று இருந்தது என் அப்பாவுக்குத்தான். கூட்டத்தில் நின்ற அம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கைவேலையைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அம்மாதான். சவரம் செய்யும்போது அவர்கள் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். அப்பா அந்த ஊர்களைப் பற்றிக் குழறிக் குழறிச் சொல்வார், அம்மா "உம்" கொட்டுவாள். எனக்குத் தூது வேலை போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒருநாள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் குந்தி நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவுக்கு நுரை பூசிவிட்டுச் சுடுதண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மடியில் கிடந்த வலது கை எழுந்தது. கத்தியை எடுத்தது, ஒரே சுண்டில் விரித்தது, காதோரத்திலிருந்து தாடைவரை நுரையில் ஒரு பாதை போட்டது. நடுக்கமே இல்லை. பல்பொடி என் வாயிலிருந்து வழிந்தது. அப்பா கத்தியைத் துடைத்து, மடித்து, இருந்த இடத்தில் வைத்தார். வலது கை மறுபடி மடியில் போய்ச் செத்துக் கிடந்தது.

அம்மா வந்தாள். நுரைக்கு நடுவே அந்தப் பாதையைப் பார்த்தாள். பிரஷ்ஷை எடுத்த கை ஒரு நொடி நின்றது. பிறகு பாதையின் மேல் நுரையைப் பூசி மூடிவிட்டு, முதலிலிருந்து வழிக்க ஆரம்பித்தாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாயங்கால செபத்தில் அம்மாவே அறிவிக்கப் போகிறாள், மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக எரியும் என்று காத்திருந்தேன். விண்ணப்பம் வந்தது. மழை பெய்ய வேண்டும் என்றாள், நான் நன்றாகப் படிக்க வேண்டும் என்றாள். வலது கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அம்மா, அப்பா கை…" என்று ஆரம்பித்தேன். "ஆமென் சொல்லுடி" என்று தொடையில் கிள்ளினாள். எல்லாருக்கும் முந்தி, குழறாமல், "ஆமென்" என்றார் அப்பா.

கை சரியாகிவிட்டால் நன்றி சொல்ல வேண்டும், ஆகாவிட்டால் கேட்க வேண்டும். இதென்ன இரண்டும் இல்லாமல்? இரண்டு பேரும் சேர்ந்து மாதாவையே ஏமாற்றுகிறார்களே என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் சரியாக ஆறு மணிக்கு அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கழுத்தை நிமிர்த்தினார். அம்மா தன் முக்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கால்மணி நேரத்தில் முடிகிற சவரம் அன்றைக்கு அரைமணி நேரம் ஆனது. நாளாக நாளாக அது முக்கால் மணியாயிற்று. பாவம், இவ்வளவு பழகியும் அம்மாவுக்குக் கையில் வேகமே வரவில்லையே என்று நான் கவலைப்பட்டேன்.