சோப்பு சிஸ்டர்

அந்தப் பட்டப்பெயரைக் கட்டட வேலைக்காரர்களில் யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். கன்னியர் மடத்தில் சேர்ந்த நாள் முதல் துணி துவைக்கும் கூடம்தான் சிஸ்டரின் ராஜ்ஜியம். யாருடைய அங்கியிலாவது ஒரு பொட்டுக் கறை கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரைப் பார்த்துத்தான், பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலையும் கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கவனிக்க அனுப்பினார் மடத்துத் தலைவியான மதர்.

சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த அறையை மேஸ்திரி ஒழித்துக் கொடுத்தார். சிஸ்டர் தரையைத் தேய் தேய் என்று தேய்த்து, வரிசையாகத் தூளி கட்டிக் காத்திருந்தார். ஒரு குஞ்சும் வரவில்லை. சித்தாள் பெண்கள் பிள்ளைகளை மேலே தூக்கிக்கொண்டே போனார்கள். சுவர் எழும்பாத மாடி விளிம்பில், கம்பியோடு கால் கட்டப்பட்டு ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்ததைச் சிஸ்டர் கீழிருந்து பார்த்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறினார்.

"கட்டிப் போட்டா விழ மாட்டா. கீழ விட்டா யாரு பாக்கறது?" என்றாள் தாய்க்காரி. ஒல்லி உடம்பு, வெடுக்கென்ற பேச்சு.

"நான் பாக்கறேன்மா."

"புள்ள வளத்திருக்கீங்களா?"

"எனக்குப் பின்னாடி பொறந்ததுங்க எல்லாம் என் இடுப்புலதான் வளந்துச்சுங்க."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, விட்டுப் பாக்கறேன். அழுதா மறுபடி மேல தூக்கிட்டு வந்துடுவேன்."

குழந்தைக்கு வாலு என்று பெயர். வாலு இறங்கியதும் மற்றப் பெண்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் உடுத்திய பழந்துணி ஒன்றைத் தூளியில் விரித்துவிட்டுப் போனாள். பிள்ளைகள் சமர்த்தாகத் தூங்கின. சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாலையில்தான் வினை வந்தது. தூளியில் கிடந்த துணிகளில் சிமெண்டும் வியர்வையும் புளித்த பாலும் வீசின. சிஸ்டருக்குக் கை பரபரத்தது. ஊறவைத்து, வெந்நீரில் அலசி, அடித்துத் துவைத்து, மறுநாள் பளிச்சென்று விரித்து வைத்தார்.

வாலுதான் முதலில் அழத் தொடங்கினாள். மற்றவை ஒத்து ஊதின. சிஸ்டர் கிலுகிலுப்பை ஆட்டினார், குதித்தார், ஞானப்பாட்டு பாடினார். பாட்டுக்கு அழுகை இன்னும் ஏறியது. அவர் குரல் அப்படி. தலையில் சும்மாட்டுத் துணியோடு தாய்மார்கள் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள்.

"சொன்னேன்ல? தூக்கிட்டுப் போறேன்" என்று குனிந்த வாலுவின் அம்மா, தூளித் துணியை முகர்ந்தாள். "இதத் துவைச்சீங்களா?"

"ஒரே அழுக்கா இருந்துச்சும்மா..."

"அழுக்கு இல்ல சிஸ்டர், அது நான்!"

சொன்னவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையிலிருந்த சும்மாட்டை உதறிப் பிரித்துத் தூளிக்குள் திணித்தாள். வாலு அதில் மூக்கைப் புதைத்து, விக்கி விக்கி ஓய்ந்து தூங்கிப்போனாள். மற்ற அம்மாக்களும் அப்படியே செய்தார்கள். சிஸ்டர் துவைத்த துணிகள் சும்மாடாகச் சுருண்டு, செங்கல்லைத் தாங்கி மேலே போயின. அன்று முதல் டீ நேரத்தில் துணி மாற்றுவது அங்கே சட்டமாகிவிட்டது.

வாலு நடை பழகிய சமயம். ஒரு நாள் டீ நேரத்துக்கு முன்னால் அம்மாவின் துணியைத் தூளியிலிருந்து வீசினாள். தத்தித் தத்தி வந்து, சிஸ்டர் அங்கிமேல் கட்டியிருந்த ஏப்ரனை உருவி, அதைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மாக்காரி புதுச் சும்மாட்டோடு வாசலில் நின்றாள். சிஸ்டர் பதறி எழுந்தார். பெற்றவள் மனம் நோகாதா? மறுபடி அந்த மாடி விளிம்புக்கே தூக்கிப் போய்விட்டால்?

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அவளாத்தான் இழுத்துட்டா."

வாலுவின் அம்மா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கொண்டுவந்த துணியையும் அவள் பக்கத்தில் வைத்தாள். "நம்ம ரெண்டு பேரு வாடையும் அவளுக்கு வேணும்போல, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, சந்தோஷம் தாங்காமல் அழுதார்.

மாலையில் வழக்கம்போல ஏப்ரனை வாளிக்குள் போடப் போன கை பாதியில் நின்றது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து மடத்தில் மதர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன சிஸ்டர் இந்த ஏப்ரன்? சோப்பு தீந்துபோச்சா?"

"சோப்பு இருக்கு மதர். துவைக்க எனக்கு உத்தரவு இல்ல."

"என்னைத் தவிர உனக்கு உத்தரவு போடறது யாரு?"

"அவளுக்கு இன்னும் பேச்சு வரல, மதர்."