துத்தம் போட்ட மாங்காய்

கூடுவாஞ்சேரி சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண் உப்பு மாங்காயைக் குச்சியில் குத்தி நீட்டினாள். "டேஸ்ட் பண்ணுங்க சார்." அந்தப் பளிச்சென்ற பச்சையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேற்குத் தாம்பரத்தில் பெரியப்பா கடை வைத்திருந்தார். சாயப்பொடி, படிகாரம், காஸ்டிக் சோடா, ஊறுகாய் எல்லாம் ஒரே கடையில் விற்ற காலம். உள்ளே போனாலே மூக்கு எரியும். உப்பு மாங்காய் பழுப்பாகிவிடக் கூடாது என்று ஜாடியில் மயில்துத்தம் போடுவார். அது விஷம். எங்கள் வீட்டுக்கு மட்டும் துத்தம் போடாத பழுப்பு மாங்காய் வரும்.

ஒருநாள் நானும் அம்மாவும் கடையில் இருந்தபோது, கர்ப்பமாக இருந்த பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா மாங்காய் வாங்க வந்தாள். பெரியப்பா பச்சை ஜாடியைத் திறந்தார். அம்மா அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க துன்னுங்க மாமா, பாக்கலாம்."

"இன்னாம்மா பேஜார் பண்ற? பச்சையா இருந்தாத்தான் ஜனங்க வாங்குது."

"அப்ப துன்னுங்க."

அவர் அந்தத் துண்டை வாங்காமல் ஜாடியை மூடினார். அக்கா வெறுங்கையோடு திரும்பிப் போனாள். மறுநாளும் அந்த ஜாடி அங்கேதான் இருந்தது. அயோக்கியன்.

"மொதல்ல நீ சாப்புடும்மா," என்றேன் சூப்பர் மார்க்கெட் பெண்ணிடம். அவள் சிரித்துக்கொண்டே கடித்தாள். அப்போதும் எனக்குக் கை நீளவில்லை.