ஒரே ஒரு பந்தயத்துக்கு

அந்த ஆள் குதிரைமேல் நன்றாகவே உட்கார்ந்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்பார்கள். என் கணவர் இதைப் படித்தால், "இளவரசரைப் போய் அவன் இவன்னு எழுதலாமா?" என்று கேட்பார். எழுதுவேன். அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறு மரியாதை மிச்சமில்லை.

தமிழ்நாட்டில் நான் கால்நடை மருத்துவர். இங்கே நியூசிலாந்தில் அந்தப் பட்டம் செல்லாது. பரீட்சை எழுதித் தேற வேண்டும். அதுவரை ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு குதிரைப் பண்ணையில் உதவியாளர் வேலை. ஹில்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் நெரிசலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை இருந்தது. மகா திமிர் பிடித்தது. வாளியை மூக்கால் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கும். காதைத் தொட்டால் கோபம் வரும். முந்தின வருடம் அதன் முன்னங்கால் தசைநாண் கிழிந்துபோனது. நான்தான் தினமும் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சி, கட்டுப்போட்டு, மெல்ல மெல்ல நடக்கவைத்துத் தேற்றினேன். பண்ணையைச் சுற்றிவர அந்தக் கால் போதும். ஆனால் அந்தப் பாலைவன நாட்டு இளவரசன் கலந்துகொள்வது நெடுந்தூரப் பந்தயம். பாலைவன மணலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட வேண்டும். இடையிடையே நிறுத்தி மருத்துவர்கள் இதயத்துடிப்பையும் நடையையும் பார்ப்பார்கள். நொண்டினால் அங்கேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நியூசிலாந்துக் குதிரை என்றால் அந்தப் பக்கம் கிராக்கி. யாரோ அனுப்பிய வீடியோவில் இந்தக் குதிரையின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவனே நேரில் வருவதாகச் சொன்னான். அவன் வரும் நாள் காலையில் பண்ணைக்காரம்மா என்னிடம் வந்தாள். வெள்ளைக்காரி, அதிகம் பேசமாட்டாள். "அதன் முன்னங்காலை உன்னைவிட நன்றாக யாரும் பார்த்ததில்லை. தாங்காது என்று நீ சொன்னால் விற்கமாட்டேன்" என்றாள்.

தாங்காது என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

கெட்ட நேரம், இளவரசன் வரும் செய்தியை வீட்டில் உளறியிருந்தேன். என் கணவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். சிறப்பு விருந்தினர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு எச்சில் ஊறும். பக்குரங்காவில் இருக்கும் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, தேய்த்த சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகப் பண்ணைச் சேற்றில் வந்து இறங்கினார். கையில் ஒரு பையில் பொன்னாடை. ஆண்டு விழாவுக்கு இளவரசனை அழைக்கப் போகிறார்களாம். எனக்கு அப்போதே கூச்சத்தில் உடம்பு குறுகியது.

"பின்னென்ன தங்கச்சி, பெரிய மனுசர் வந்தா வெறுங்கையோட நிக்கலாமோ?" என்றார் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அன்று மட்டும் அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

வருவான் வருவான் என்று எல்லோரும் காத்திருந்தோம். சேணம் பூட்டிய குதிரையும் காத்திருந்தது. ஒருவழியாகக் கார்கள் வந்தன. அவன் மெலிந்தவன், குரல் உயர்த்தாதவன், எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். ஏறி உட்கார்ந்ததும் குதிரை அடங்கியது. வேலியோரமாக ஒரு சுற்று, பிறகு மேட்டில் ஏறி ஒரு சுற்று. அழகாகத்தான் இருந்தது. இறங்கியவன் கேமராவுக்காகக் குதிரையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பக்கவாட்டில் நீட்டினான். யாரோ ஓடிவந்து ஈரத்துணியை வைத்தார்கள். ஒவ்வொரு விரலாகத் துடைத்து, துணியைக் கீழே போட்டான்.

எடுத்தது அவனுடைய குதிரைக்காரர். ராமநாதபுரம் பக்கத்து ஆள், நடுவயது. நான் தமிழ் பேசுவதைக் கேட்டு, "டாக்டரம்மாவா?" என்று முகம் மலர்ந்தார். இந்த நாட்டில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இளவரசனோடு வந்த மருத்துவர் குதிரையின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய காயம் இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். நான் முன்னால் போனேன். "மணலில் ஓட்டினால் இந்தக் கால் தாங்காது" என்றேன்.

இளவரசன் கோபப்படவில்லை. கடையில் டீ சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னான்: "ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான். அது போதும்."

பண்ணைக்காரம்மா நிமிர்ந்தாள். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள், பார்த்தேன். அதற்குள் என் கணவர் சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்தார். "என் மனைவிதான் தினமும் இதைக் கவனிக்கிறாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். அருமையான குதிரை, தாராளமாகக் கொண்டுபோங்கள்!" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் பேசுவதுபோல, நல்ல காரியத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதாம். இளவரசன் சிரித்தான். பண்ணைக்காரம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவளுக்கும் விற்க ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கும். நான் மறுபடி "தாங்காது" என்றேன். அது யார் காதிலும் ஏறவில்லை. தலைவர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

திரும்பும்போது காரில் கணவரிடம் கத்தினேன். "பெரிய இடம்டி. முகத்துக்கு நேரா குத்தம் சொன்னா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். நம்மளாம்! குதிரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விமானத்தில் குதிரை போய்விட்டது. குதிரைக்காரர் அவ்வப்போது போனில் பேசுவார். அந்த இளவரசனுக்கு நாலைந்து நாடுகளில் லாயம். எந்தக் குதிரையின் பெயரும் தெரியாதாம். எண்ணைச் சொல்லித்தான் கேட்பானாம். தூங்கி எழுந்து வெயில் தாழ்ந்த பிறகு ஏறுவான், சலித்தால் இறங்கிவிடுவான். "நம்மூர்க் குதிரை இங்கயும் வாளிய இடிச்சிட்டுத்தான் குடிக்குது டாக்டரம்மா" என்று ஒருநாள் சொன்னார். சிரித்தேன். பிறகு வெகுநேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

பந்தயத்தில் இளவரசன் அந்தக் குதிரையில்தான் ஜெயித்தான். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. விழாவுக்கு வருவானா என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை பதிலே கிடையாது. அதனாலென்ன, சங்கத்தின் சார்பில் வாழ்த்துச் செய்தி அனுப்ப வேண்டுமாம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜெயிச்சது நம்ம குதிரைதானே? அதையும் ஒரு வரி போட்டா நெருக்கமா இருக்கும்" என்றார்.

நம்ம குதிரை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

குதிரைக்காரர் அன்று காலையில் போனில் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே சொன்னேன். பந்தயத்தன்று காலில் ஊசி போட்டிருக்கிறார்கள், வலி தெரியாமல் இருக்க. வலி தெரியாததால் கடைசிவரை ஓடியிருக்கிறது, நடந்தும் காட்டியிருக்கிறது. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. கால் எலும்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. லாயத்திலேயே வேறொரு ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். இளவரசன் வந்து பார்க்கவில்லை.

அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தார். முகம் மாறியது. "ஐயோ, பாவம்" என்றார். லேப்டாப்பைப் பாதி மூடினார். இப்போதாவது புரிந்ததே என்று நினைத்தேன்.

"சரி, அப்ப குதிரையைப் பத்தி எதுவும் போட வேண்டாம். வெற்றிக்கு வாழ்த்துக்கள்னு மட்டும் போட்டுடுறேன்" என்றார்.