சாச்சாவுக்குத் தொண்டை கட்டிய மழைக்காலம்

என் சாச்சாவுக்குத் தொண்டை கட்டியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கரீஃப் காலம். வளைகுடா முழுக்க வெயிலில் வெந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில் சலாலாவில் மட்டும் தூறல் ஓயாது. மலைகள் பச்சை பிடித்துவிடும். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இறங்குகிறவர்கள் செலவு செய்து மழையில் நனைவார்கள். அங்கேயே குடியிருந்த எங்களுக்கு அது இருமல் காலம், அவ்வளவுதான்.

வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் சேர்ந்து மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு மேல் மாடியில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்: வாப்பா, உம்மா, நான், சாச்சா, சாச்சி, அவர்களுக்குப் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத தம்பி. வாப்பா கல்லாவைவிட்டு அசையமாட்டார். வெளிவேலை எல்லாம் சாச்சாதான். வாராவாரம் பிக்கப்பில் அரிசி, பால்மாவு, பிஸ்கட் எல்லாம் ஏற்றிக்கொண்டு யெமன் எல்லைக்குப் போவார். எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை கொஞ்சம் தணிந்திருந்தது. சண்டை தணிந்தால் முதலில் திரும்பி வருவது வியாபாரம்தான் என்று வாப்பா சொல்வார். வேறு சிலவும் திரும்பி வரும் என்பது அவருக்கும் அப்போது தெரியாது.

சாச்சா இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும். அவர் சத்தமில்லாமல் இரண்டு நாள் படுத்துக் கிடந்ததே எனக்குப் புதுமையாக இருந்தது. சாச்சி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அது தொண்டையில் இறங்காமல் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீரும் இறங்கவில்லை. கழுத்து வீங்கி, தாடை இருந்த இடம் தெரியவில்லை. வாப்பா கடையைப் பூட்டிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். திரும்பும்போது தனியாக வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "யாரும் கிட்ட வராதீங்க" என்றார்.

"டாக்டர் லைட் அடிச்சு வாய்க்குள்ள பாத்தாரு. பாத்தவரு ஒரு எட்டு பின்னால போயிட்டாரு. உள்ள சாம்பலாட்டம் தோல் மாதிரி படிஞ்சு கெடக்காம். கண்ணாடி ரூம்ல போட்டுட்டாங்க."

அன்று மதியமே சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓமானியப் பெண் டாக்டர் ஒருவரும், அவருக்கு மொழிபெயர்க்க மலையாளி நர்ஸ் ஒருவரும் மாடி ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார்கள். வரிசையாக உட்காரவைத்து, பஞ்சு சுற்றிய நீளக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டு எடுத்தார்கள். எனக்குக் குமட்டியது. தம்பியின் வாயைத் திறந்து குச்சியை விட்டபோது அவன் அழுத அழுகையில் சாச்சி அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். 

"இவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"மருந்து தொடங்கிடலாம் சேச்சி. பயப்பட வேண்டா" என்றார் நர்ஸ். ஆனால் தம்பியின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தபோது அவர் டாக்டரைப் பார்த்த பார்வையைச் சாச்சி கவனித்துவிட்டாள். ஊசி போடத் தொடங்கும் வயதே அவனுக்கு வந்திருக்கவில்லை.

அதன் பிறகு டாக்டர் வாப்பாவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கடந்த பத்து நாளில் சாச்சா எங்கே போனார், யாரோடு சாப்பிட்டார், எங்கே தூங்கினார், எந்தக் குழந்தையைத் தூக்கினார் என்று நர்ஸ் ஒவ்வொன்றாகத் தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார்.

"பார்டருக்குப் போனாரு. வண்டிலயே படுத்துட்டு வந்துருப்பாரு. அங்க யாராச்சும் இருமியிருப்பாங்க" என்றார் வாப்பா.

"ஆஸ்பத்திரியில அவரும் அதைத்தான் எழுதிக் காட்டறார். டாக்டருக்கு அது சரியாத் தோணலை." நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இது தொண்டை அடைக்கிற சூக்கேடு, தொத்துநோய். நம்மெல்லாம் மறந்துபோனது. அந்த நாட்டுல சண்டையில ஆஸ்பத்திரி போச்சு, ஊசி போடறது நின்னுபோச்சு, அதனால திரும்பி வந்திருக்கு. பெரியவங்க தாங்குவாங்க, குட்டிகள் தாங்காது. அவருக்கு இதைக் கொடுத்தது யாருன்னு தெரியணும். எங்கயோ ஒரு குட்டி இப்போ மூச்சு கிட்டாமக் கெடக்கலாம்."

சாச்சாவின் கைபேசி சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. அது அடிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்தே விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'வாழைத்தோட்டம்' என்று பெயர் வந்தது. சாச்சி கையை நீட்டுவதற்குள் வாப்பா அதை எடுத்து அணைத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். 

"பழக்காரன். சரக்கு வேணுமான்னு கேப்பான்."

 ஆனால் வாழைத்தோட்டம் எனக்குத் தெரியும். அங்கேதான் நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

போன வாரம் மலையடிவாரத்து ஊற்றைக் காட்டுகிறேன் என்று சாச்சா என்னைப் பிக்கப்பில் கூட்டிப்போயிருந்தார். திரும்பும் வழியில், இளநீரும் பழமும் விற்கிற சாலைக்குப் பின்னால் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார். நான்கு வயது இருக்கும், ஒரு யெமனியப் பெண் குழந்தை ஓடிவந்து வண்டிக்குள் ஏறி அவர் மடியில் உட்கார்ந்துகொண்டது. மூக்கு ஒழுகியது. அவரை "பாபா, பாபா" என்று கூப்பிட்டது. எங்கள் எதிர்வீட்டு ஓமானியர் வீட்டில் வேலை செய்யும் பெண் தன் முதலாளியை பாபா என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே சாச்சா இந்த வீட்டுக்கு ஏதோ முதலாளி என்று புரிந்துகொண்டேன். எனக்கு ஒரு கப்பில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கியதில் பாதியை அதே கரண்டியால் அந்தச் சிறுமிக்கு ஊட்டினார். வீட்டுக்கு வரும்போது, "சாச்சிகிட்ட சொல்லிராத புள்ள. மழையில ஐஸ்கிரீம் தின்னேன்னு தெரிஞ்சா நமக்கு ரெண்டு பேருக்கும் ஏச்சு விழும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஐஸ்கிரீம் தின்றால் தொண்டை கட்டும் என்று உம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்!

இப்போது சாச்சாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்தது எனக்கு. எச்சில் விழுங்கிப் பார்த்தேன். வலித்த மாதிரி இருந்தது.

சாச்சி தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "யாருக்காச்சும் எதாச்சும் தெரிஞ்சா சொல்லிருங்க. அல்லாவுக்காக. என் புள்ள முகத்தப் பாத்துச் சொல்லிருங்க."

நான் அழுதுவிட்டேன். "நாங்க ஐஸ்கிரீம் தின்னோம் சாச்சி."

அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வாழைத்தோட்டம், வீடு, ஒரே கரண்டி, மூக்கு ஒழுகிய சிறுமி. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, அந்தச் சிறுமி பாபா என்று கூப்பிட்டதையும், சாச்சாதான் அந்த வீட்டுக்கு முதலாளி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

நர்ஸ் அரபியில் டாக்டருக்குச் சொன்னார். சொல்லும்போதே பாதியில் அவர் குரல் தேய்ந்தது. 

வாப்பா எழுந்தார். "சின்னப் புள்ள பேச்சு. அது வேற எங்கயோ, எப்பவோ..."

"பெரிய மச்சான், அவ சொல்லட்டும்" என்றாள் சாச்சி. வாப்பா பேசும்போது குறுக்கே அவள் பேசி நான் கேட்டதே இல்லை. வாப்பா உட்கார்ந்துவிட்டார். உம்மா தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தாள். என்னை ஒருவரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வீட்டு முகவரி யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரியவில்லை என்றார்கள். நான்தான் வழி காட்ட வேண்டும் என்றார் டாக்டர். என் கூட வர உம்மா எழுந்தபோது சாச்சி தம்பியை அவள் கையில் கொடுத்தாள். "நான் போறேன் ராத்தா."

சுகாதாரத் துறை வண்டியில் கிளம்பினோம். பனிமூட்டம் சாலைவரை இறங்கியிருந்தது. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதைகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. முதலில் நான் காட்டிய கதவைத் திறந்தவர் ஒரு கிழவர். அங்கே குழந்தையே இல்லை. இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. டாக்டர் திரும்பி நர்ஸ் மூலம் என்னிடம் மெல்லச் சொன்னார், அவசரமில்லை, யோசி என்று. அவருடைய கால் மட்டும் வண்டியின் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. சாச்சி என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் நோகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அப்போது ஒரு வாசலில் கிடந்த கதவில்லாத பழைய ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தச் சிறுமி அதற்குள்ளிருந்துதான் குதித்து வந்தாள்.

கதவைத் திறந்தவள் இளம்பெண். சிறுமி அவள் தோளில் கிடந்தாள். அந்த மூச்சுச் சத்தம் வண்டிவரை கேட்டது. அடைத்த குழாயில் தண்ணீர் ஏற முயல்வதுபோன்ற சத்தம். 

டாக்டர் பேசப் பேச அந்தப் பெண் பின்வாங்கிக்கொண்டே போனாள். இகாமா, இகாமா என்ற சொல் மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவளிடம் குடியிருப்பு அட்டை இல்லை. கூட்டிக்கொண்டு போனால் எல்லை தாண்டி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். போலீஸ் இல்லை, மருந்து மட்டும்தான் என்று டாக்டர் கையை மார்பில் வைத்துச் சொன்னார். அவள் நம்பவில்லை. கதவு பாதி மூடிவிட்டது.

சாச்சி வண்டியிலிருந்து இறங்கினாள். நேரே போய்க் கதவைத் தள்ளி, இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளுக்கு அரபியில் சீக்கிரம் என்கிற ஒரு சொல்தான் வரும். "யல்லா" என்றாள். "யல்லா, புள்ளயத் தா." 

அந்தப் பெண் சாச்சியின் முகத்தையே பார்த்தாள். சாச்சி யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டதென்று இப்போது நினைக்கிறேன். குழந்தையைக் கொடுத்துவிட்டாள்.

"சேச்சி, வேண்டா, வீட்டில குட்டி இருக்கு!" என்று நர்ஸ் கத்தினார். சாச்சி காதில் வாங்கவில்லை. சிறுமியை நிமிர்த்திப் பிடித்தபடி, மூச்சு முட்டாத வாட்டம் பார்த்துத் தலையைச் சாய்த்து, வண்டியில் ஏற்றி உட்காரவைத்தாள். தாயும் பின்னால் ஓடிவந்து ஏறினாள். ஏறுவதற்கு முன் சாச்சி ஒரு கணம் நின்றாள். முற்றத்துக் கொடியில் ஈரம் காயாத ஒரு கைலி தொங்கியது. அதை உருவி, நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சாச்சாவுக்கு மாற்றுடுப்பு வேண்டுமே, எவ்வளவு ஞாபகமாக எடுக்கிறாள் என்று வியந்தேன்.

வழி முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம் மட்டும்தான். ஒருமுறை அது நின்றது. நர்ஸ் குழந்தையின் மேல் கவிழ்ந்தார். தாய் அலறினாள். மறுபடி சத்தம் வந்தபோது சாச்சி கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். யாருக்காக ஓதினாளோ தெரியாது.

சிறுமி பிழைத்துக்கொண்டாள். கிருமியின் விஷத்துக்கு முறிவு மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கழுத்தில் ஓட்டை போட்டிருக்க வேண்டும் என்று நர்ஸ் பிறகு சொன்னார். தாயையும் மகளையும் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, அந்தத் தெருவில் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டார்கள். எல்லை தாண்டி யாரையும் அனுப்பவில்லை. சாச்சாவும் தேறினார். எனக்கும் தம்பிக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் ஒருநாள் கடைக்கு வந்து, இந்தப் பெண் ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு எனக்கு வண்ணப் பென்சில் பெட்டி கொடுத்தார். வாப்பா ஷுக்ரன் என்று நன்றி சொன்னார், சிரிக்கவில்லை. 

சிறுமியைத் தூக்கியதால் சோதனை முடிவு வரும்வரை தம்பியிடம் போகக் கூடாது என்று சாச்சிக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் சரக்கு அடுக்கும் அறையில் தனியாகப் படுத்தாள். முடிவு நல்லபடியாக வந்த பிறகும், சாச்சா வீட்டுக்குத் திரும்பிய பிறகும், தம்பியை எடுத்துக்கொண்டு அதே அறையில்தான் படுத்தாள். கிருமி இன்னும் முழுசாகப் போகவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். சாச்சா அந்தக் கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொல்வார். உள்ளேயிருந்து சாச்சி தம்பிக்குத் தாலாட்டுப் பாடுகிற சத்தம் மட்டும் கேட்கும். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டு என்று வாப்பா ஒருமுறை உம்மாவிடம் சொன்னார். "இடமிருந்தா அவகிட்ட சொல்லிட்டுச் செய்யறதுதானே. நீங்க போய்ச் சாட்சி நின்னீங்களே, நீங்களாச்சும் சொன்னீங்களா?" என்று உம்மா கேட்டாள். எதற்குச் சாட்சி என்று எனக்கு விளங்கவில்லை. பல வருடம் கழித்து, நிக்காஹ்வுக்குச் சாட்சி வேண்டும் என்று அறிந்தபோதுதான் விளங்கியது.

கரீஃப் முடிவதற்குள் சாச்சி தம்பியோடு ஊருக்குக் கிளம்பினாள். விமான நிலையத்துக்கு நானும் போனேன். சாச்சா வரவில்லை. உள்ளே போகும் முன் சாச்சி குனிந்து என் முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப சோறு எறங்குதாமா?" என்று கேட்டாள்.

"எறங்குதாம் சாச்சி. சாச்சா சொன்னாங்க."

"நல்லது" என்றாள். "நீ சொன்னது நல்லதுதான் புள்ள." அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வீடு திரும்பும்போது உம்மா வண்டியில் அழுதுகொண்டே வந்தாள். "எல்லாருக்கும் சொகமாயிடுச்சே, இனி எதுக்கு உம்மா அழுறீங்க?" என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாப்பாவைக் கேட்டேன். அவர் சொல்ல வாயெடுத்தார். தொண்டை ஏறி இறங்கியது, குரல் வரவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை.

இவருக்கும் தொற்றிவிட்டது என்று பயந்து, நான் என் முகக்கவசத்தை இருக்கையின் அடியில் தேட ஆரம்பித்தேன்.