காளவாய்க் குட்டைக்குத் தூக்கிப் போன பிள்ளை

அம்சம் என்ற பெயர் ரெங்கம்மாளின் காதில் முதலில் விழுந்தது ஒரு நாற்றங்காலில். முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். தம்பி ரெத்தினம் வரப்பில் வந்து நின்றான்.

"அக்கா, பொண்ணு ஒண்ணு பாத்திருக்கேன். பேரு அம்சம்."

ரெங்கம்மாள் தலையைத் தூக்கவில்லை. "யாரு வீட்டுப் பொண்ணு?" என்றுதான் கேட்டாள். அவளுக்கு உறவு முதலில், முகம் பிறகு.

"நம்ம கீழத்தெரு மாமா இருக்காருல்ல, அவரு சம்சாரத்தோட தங்கச்சியை கந்தர்வகோட்டைப் பக்கம் குடுத்திருக்கு. அந்த வீட்டுக்காரரோட அண்ணன் மக."

ஒரு முடி நாற்றைக் கட்டி முடிப்பதற்குள் ரெங்கம்மாள் அந்த உறவை மனதுக்குள் நடந்து போய்த் திரும்பிவிட்டாள். "அப்ப மொறைதான். ஆனா அது கடலையும் முந்திரியும் வெளையிற மேட்டுக்காடாச்சே. இங்க வந்து சேத்துல நிப்பாளா?"

"நிக்கப் பழகிக்குவா."

பழகிக்கொண்டாள். வந்த வருஷமே நடவு வரிசையில் ரெங்கம்மாளுக்குச் சமமாக நட்டாள். சேறு பழகியது, தண்ணீர்தான் பழகவில்லை. கீழ்வேளூருக்குக் கிழக்கே அந்தத் தெருவில் வாசலில் இறங்கினால் பாசன வாய்க்கால், கொல்லையில் இறங்கினால் வடிகால். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் வாசல் வாய்க்கால் கரையை நக்கிக்கொண்டு ஓடும். அம்சம் அதில் கணுக்காலுக்கு மேல் நனைய மாட்டாள். படியில் உட்கார்ந்து குடத்தில் மொண்டு ஊற்றிக்கொள்வாள். பெண்கள் விடுவார்களா?

"வாய்க்காக்கரையில குடியிருந்துக்கிட்டு கொடத்துத் தண்ணியில குளிக்கிறா பாரு மகாராணி."

"அவுங்க ஊர்ல தண்ணிய தொட்டா அபராதமாம்டி."

அம்சமும் சேர்ந்து சிரிப்பாள். மறுநாளும் குடம்தான்.

அவள் வாழ வந்த மறு வருஷம், அடுத்த வீட்டு முருகையனின் பெண் குழந்தை போனது. தவழுகிற பிள்ளை. நடவுக்குப் போன தாய் நுணா மரத்தடியில் கந்தலை விரித்துத் தூங்கப் போட்டிருந்தாள். வரிசை முடியாமல் யாரும் கரையேறக் கூடாது என்பது மிராசுதாரின் ஆளான காரியக்காரரின் சட்டம். பிள்ளை விழித்தது, தவழ்ந்தது, வயலுக்குப் பாயும் கண்ணி வாய்க்காலில் விழுந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர். அன்றைக்கு அந்த வரிசையில் அம்சமும் குனிந்து நின்றாள். அவள் வயிற்றில் நாலு மாசக் கரு இருந்தது.

அந்த வயிற்றில் பிறந்தவன்தான் கண்ணுசாமி. அவன் வயிற்றை இழுத்து நகரத் தொடங்கிய வாரம், அம்சம் அவனைக் கண்ணாத்தாளிடம் தூக்கிப் போனாள்.

கண்ணாத்தாள் தெருக்கோடி வீட்டுக்காரி. அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் நடப்பதற்கு முன்னால் மிதந்தவர்கள். யாரிடம் கற்றாய் என்று கேட்டால், "எம்மூத்தவன் தவறி வுழுந்தான், மல்லாந்து மெதந்தான். அதைப் பாத்து நான் கத்துக்கிட்டேன்" என்பாள். வயலை விட்டு வந்ததும், வெயில் தாழ்வதற்குள் காளவாய்க் குட்டைக்குப் போவாள். ஒரு காலத்தில் மிராசுதார் வீட்டுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் அது. இடுப்பளவுத் தண்ணீர், ஓட்டம் கிடையாது, வெயில் காய்ந்து வெதுவெதுப்பாகக் கிடக்கும். கேட்கிறவர்களின் கைக்குழந்தைகளை அங்கே வாங்கி நீச்சல் பழக்குவாள். தெருவில் அதற்குக் கண்ணாத்தாள் பள்ளிக்கூடம் என்று பேர்.

ரெங்கம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள் அவள். கண்ணுசாமியைப் பெறாத பிள்ளையாக மடியில் வைத்திருந்தாள்.

"பல்லு ரெண்டுதான் இருக்கு. அதுக்குள்ள நீச்சலா? அடுத்தது என்ன, ஏர் ஓட்ட அனுப்புறியா?"

"வரிசையில நிக்கிறப்ப எங்கண்ணு நாத்துல இருக்காது அண்ணி. மரத்தடியிலதான் இருக்கும். இவன் மெதந்தான்னா எனக்கு அது போதும்."

முதல் நாள் ரெங்கம்மாளும் கூடப் போனாள். கண்ணாத்தாள் பிள்ளையை வாங்கும் முன்பே அம்சத்திடம் சொன்னாள்.

"இங்க பாரும்மா. மொத பாடம் ஆசை. தண்ணின்னா தாய் மடின்னு அவன் நெனைக்கணும். ரெண்டாவது மல்லாந்து கெடக்கறது. மூணாவது, குப்புற வுழுந்தா தானா பொரண்டுக்கறது. மூணும் முடிஞ்சாத்தான் பாடம். நடுவுல நிறுத்துறதா இருந்தா இப்பவே தூக்கிட்டுப் போயிடு."

"நிறுத்த மாட்டேங்க்கா."

கண்ணாத்தாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவன் முகத்தில் 'பூ' என்று ஊதினாள். பிள்ளை கண்ணை மூடி மூச்சைப் பிடித்தது. அந்தக் கணத்தில் ஒரு முக்கு, ஒரு தூக்கு. அழ வாயைத் திறந்தவன் அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தான். கரையில் நின்ற அம்சம் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாள் குட்டையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் தூக்கிப் போனாள். காலையில் குறுவை நட்ட இடுப்பு வலியோடு, பிள்ளையை அதே இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். குட்டைக்குத் திரும்பும் வரப்பு வந்ததுமே கண்ணுசாமி காலை உதைப்பான், கையைத் தட்டுவான். "மொத பாடத்துல ஒம்மவன் தேறிட்டான்" என்று கண்ணாத்தாள் சொன்னாள். மறுநாள் இரண்டாவது பாடம் தொடங்குவதாக இருந்தது.

அது அறுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு மூன்றாவது வருஷம். கோட்டையில் கொடி மாறியது, மிராசுதார் களத்தில் அளக்கிற மரக்கால் மாறவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும், அவர் நிலத்தைத் துண்டு போட்டுச் சமையல்காரர் பேருக்கும், எப்போதோ செத்துப்போன பெரியம்மா பேருக்கும் எழுதிவைத்தார். அப்படிச் செத்தவள் பேரில் இருந்த நிலத்தில்தான் காளவாய்க் குட்டையும் இருந்தது. ஆடியில் கூலி ஆட்கள் ஊர் ஊராக அப்படிப்பட்ட நிலத்தில் இறங்கினார்கள். இந்தத் தெருவும் இறங்கியது. செங்கொடியை ஊன்றி ஏர் கட்டினார்கள். முன்னால் ரெத்தினம் போனான், பெண்களுக்கு முன்னால் கண்ணாத்தாள். மதியத்துக்குள் போலீஸ் லாரி வந்துவிட்டது. லாரியில் ஏறும்போது கண்ணாத்தாள் கூட்டத்தில் அம்சத்தைத் தேடிப் பார்த்து, "புள்ளைய பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். லாரியில் ஏறியவர்களைத் திருச்சி சிறைக்குக் கொண்டுபோனார்கள். நிலத்துக்குக் கோர்ட்டில் தடையுத்தரவு வந்தது. குட்டைக்கரையில் போலீஸ் கொட்டகை போட்டார்கள்.

வீட்டில் ரெண்டு பெண்களும் பிள்ளையும். அப்போதுதான் கண்ணாத்தாள் எச்சரித்தது என்ன என்று புரிந்தது. கண்ணுசாமிக்குத் தண்ணீர் பயம் போய்விட்டது, நீச்சல் வரவில்லை. பழகாத பிள்ளையாவது ஈரம் பட்டால் முகம் சுளித்துத் திரும்பும். இவன் வாசல் வாய்க்காலின் சத்தம் கேட்டாலே அதை நோக்கித் தவழ்ந்தான்.

ரெங்கம்மாள் கூலிக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்த்தாள். ஒருத்தி கூலியில் மூன்று வயிறு நிரம்பவில்லை, அது ஒரு பக்கம். ஆடு கயிற்றில் சிக்கிக் கத்தியதென்று கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிள்ளையைக் காணோம். வாய்க்கால் படியில் மார்பு வரை தொங்கிக்கொண்டு, தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிய கையோடு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு தூணில் கட்டிப் போட்டார்கள். இடுப்புக் கயிறு அறுத்துச் சிவந்தது. ரெங்கம்மாள் தானே வாய்க்காலில் இறங்கிக் கண்ணாத்தாள் செய்ததுபோலச் செய்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த நீச்சல் அவள் உடம்புக்கு மட்டும்தான். ஓட்டத் தண்ணீரில் பிள்ளை கையை விட்டு வழுக்கியது. மூக்கில் தண்ணீர் ஏறி, அன்று முழுதும் பிள்ளைக்கு மூச்சிழுப்பு. மறுநாள் மறுபடியும் வாய்க்காலைப் பார்த்துக் கையைத் தட்டினான்.

கடைசியாக ரெண்டு பேரும் போலீஸ் கொட்டகைக்குப் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் வயதானவர், பார்க்க நல்லவர்போல இருந்தார்.

"ஐயா, குட்டையில செத்த நேரம் எறங்கிக்கிறோம். புள்ளைய மல்லாக்கப் போட்டுப் பழக்கணும்" என்றாள் ரெங்கம்மாள்.

"தடையுத்தரவும்மா. எல்லைக்குள்ள யாரும் வரக் கூடாது."

"கைப்புள்ளைக்கும் சேத்தாங்க?"

"பேப்பர்ல வயசு போடல."

"நிலத்துல கால் வைக்க மாட்டோம்யா. தண்ணியிலதான்."

"தண்ணிக்குக் கீழ நிலம் இருக்குல்ல. போயிட்டு வாங்க. பெரிய அதிகாரி வர்ற நேரம்."

அம்சம் குட்டையைப் பார்த்துத் துள்ளுகிற பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, கண்ணாத்தா அக்கா எப்ப வருவாங்க?"

"யாருக்குத் தெரியும்? பொங்கலாகும்ங்கிறாங்க."

"சம்பா நடவு நாளைக்கு ஆரம்பம். ரெண்டு பேருமே போகணும்."

"ஆமா."

மறுநாள் காலை நடவுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். பானை கழுவ வாய்க்காலுக்கு வந்த ரெங்கம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். கணுக்காலுக்கு மேல் நனையாத அம்சம் இடுப்பளவு ஓட்டத்தில் நின்றாள். சேலை தண்ணீரில் இழுத்துக்கொண்டு ஓடியது. கையில் கண்ணுசாமி. அம்மா தன்னைத் தண்ணீருக்குக் கொண்டுவந்த சந்தோஷத்தில் அவன் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தான். ஊதுவாள் என்று காத்திருந்தான். அம்சம் ஊதவில்லை. அப்படியே முக்கினாள்.

தூக்கியபோது பிள்ளைக்குப் புரையேறியது. இருமினான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

பானை ரெங்கம்மாளின் கையிலிருந்து உருண்டது. அவள் தண்ணீரில் பாய்ந்து அம்சத்தின் தோளைப் பிடித்தாள். "அடிப்பாவி, கொன்னுபுடாதடி."

"விடுங்கண்ணி. இன்னும் சிரிக்கிறான்."

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அப்போதுதான் ரெங்கம்மாளுக்கு விளங்கியது. பிள்ளையிடமிருந்து எடுத்த பயத்தை அவள் பிள்ளைக்கே திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டு கரையேறலாம். ஏறினால் இன்றைக்கு மரத்தடியில் பிள்ளை கதி என்ன? தொடரு என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஓட்டம் அம்சத்தைத் தள்ளியது, அவளுக்கு நிற்கத் தெரியவில்லை. ரெங்கம்மாள் பின்னால் போய் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளால் முடிந்தது அதுதான். கண்ணை மூடிக்கொண்டாள்.

எத்தனை முறை என்று அவள் எண்ணவில்லை. பிள்ளை கதறிய கதறலில் தெருவே வாசலுக்கு வந்தது. கண்ணைத் திறந்தபோது, கண்ணுசாமி அம்சத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காலைத் தண்ணீரில் படாமல் மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தான். தன்னை முக்கிய அதே கழுத்தைத்தான் பிடித்திருந்தான். பிடிக்க அவனுக்கு வேறு ஆள் இல்லை.

"போதும்" என்றாள் அம்சம்.

அன்றைக்கு நடவுக்குப் போனார்கள். மரத்தடியில் விட்ட பிள்ளை வாய்க்கால் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த வரிசை முழுவதும் அம்சம் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து ரெங்கம்மாள் பார்த்துக்கொண்டாள்.

ரொம்ப நாளுக்குப் பிள்ளை அம்சத்திடம் பாலுக்கு வரும், தூக்கத்துக்கு வராது. தூங்க ரெங்கம்மாளிடம் தாவும். அம்சம் அவனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தை பிறந்து ரெத்தினத்தோடு கண்ணாத்தாளும் விடுதலையாகி வந்தாள். விஷயம் கேள்விப்பட்டு நேரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் மறுபடி ஆரம்பிக்கிறேன் அம்சம். கொஞ்சம் நாள் புடிக்கும், ஆனா வந்துடும்."

"வேணாங்க்கா."

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லியா?"

"ஒங்க மேல இருக்கு. ஒரு தடவை பயமில்லன்னு சொன்னேன், ஒரு தடவை பயமுன்னு சொன்னேன். இன்னொரு தடவை மாத்துனா அவன் என்னைய நம்ப மாட்டான்."

கண்ணாத்தாள் வெற்றிலையை மென்றபடி எழுந்து போனாள்.

கண்ணுசாமி வளர்ந்தான். குடத்தில் மொண்டு ஊற்றினால்தான் குளிப்பான். கூட்டாளிகள் மதகிலிருந்து குதிக்கும்போது அவர்கள் துணிக்குக் காவல் உட்காருவான். பல வருஷ வழக்குக்குப் பிறகு ரெத்தினத்துக்கு அந்த நிலத்தில் ஒரு துண்டுக்குப் பட்டா கிடைத்தது. தண்ணீர் பாய்ச்ச மகன் இறங்க மாட்டான் என்பதால் குத்தகைக்கு விட்டார்கள். "ஒம்மவன் மேட்டுக்காட்டுப் புள்ளடா, ஆத்தா வழி" என்று தெரு ரெத்தினத்தைக் கேலி பேசும். அம்சம் அதற்குச் சிரிக்க மாட்டாள். மீசை அரும்பும் வயதில் அவன் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். ஊருக்கு வந்தால் வெயில் காலத்தில், வாய்க்கால் காய்ந்திருக்கும்போதுதான் வருவான்.

ரெத்தினம் இறந்து வருஷம் திரும்பிய பிறகு அவன் தாயைக் கூட்டிக்கொண்டு போனான். ரெங்கம்மாளையும் கூப்பிட்டான், அவள் போகவில்லை. அம்சம் இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள்.