பதில் சீட்டி

சாலம்மாள் சாமை வறுத்துக்கொண்டிருந்தாள். ஆடிச் சாரலில் வத்தல்மலையில் எந்தத் தானியமும் நமுத்துப்போகும். ஓட்டில் போட்டு ஈரம் போகச் சூடு காட்டினால்தான் உரலில் உமி பிரியும். வெளியே பனிமூட்டம். வேலியோரத்து அத்திமரம் பாதிதான் தெரிந்தது. பள்ளத்துச் சோலையிலிருந்து ஒரு சீட்டி கேட்டது. துடுப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து நீளமாக ஒரு சீட்டி அடித்தாள். திரும்பி வந்து மறுபடி வறுத்தாள்.

"போச்சு," என்றார் வேலியோரம் நனைந்துகொண்டு நின்ற பச்சியப்பன். "திரும்பிப் போயிடுச்சும்மா."

"குருவியா அது? பனிக்குள்ள எனக்கென்னங்க தெரியும்."

அந்த மலையின் வழக்கம் அது. பனியில் வழி தப்பியவன் கத்தினால், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பிடிபடாது. சீட்டிதான் கூர்மையாக வரும். கேட்டவர் பகையாளியே ஆனாலும் பதில் சீட்டி கொடுக்க வேண்டும்; அதைப் பிடித்துக்கொண்டு வந்தவன் வந்து சேருவான். ஆனால் மனிதனைப் போலவே சீட்டி அடிக்கும் கருநீலக் குருவி ஒன்றும் அதே சோலையில் இருந்தது. மற்றவர்கள் குருவியென்று பாதியைக் காதில் வாங்குவதில்லை. சாலம்மாள் ஒன்றைக்கூட விடமாட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், இதுபோல ஓர் ஆடியில் அவள் அண்ணன் செல்லன் மாடு தேடிப் போனான். சீட்டி கேட்டு எழுந்தவளிடம், "அது குருவி. நீ களியக் கிண்டு," என்றாள் அவள் அம்மா. கிண்டினாள். கட்டியில்லாமல் நன்றாகவே வந்தது களி. மறுநாள் செல்லனைப் பாறைக்கு அடியில் கண்டெடுத்தார்கள். அம்மாவை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அன்றிலிருந்து பதில் கொடுக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். கரியனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. மகளை நல்லம்பள்ளிப் பக்கம் கொடுத்தபோது சம்பந்தி வீட்டில், "உங்க ஆத்தா ரயிலு கார்டாட்டம் சீட்டி அடிக்குதே," என்று சிரித்தார்கள். அதற்கும் அவள் கவலைப்படவில்லை.

பச்சியப்பன் மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. லீவு கிடைத்தால் கம்பளியும் பைனாகுலருமாகப் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார். கருநீலக் குருவியின் குரலை ஆடிதோறும் கேட்டிருக்கிறார். உருவத்தைப் பார்த்ததே இல்லை. பள்ளத்தில் இறங்கினால் கலைந்துவிடும். அத்திப்பழத்துக்கு அதுவே மேலேறி வருமென்று நின்றால், பாதி வழியில் சாலம்மாளின் சீட்டி கேட்டுத் திரும்பிவிடும். தங்குவது அவள் வீடு, சாப்பிடுவது அவள் கையால். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

யுத்தம் தொடங்கியதற்கு மறுவருஷம் அது.

"மாத்தல் வந்திருக்கும்மா," என்றார். "அடுத்த ஆடிக்கு எந்த ஊர்ல இருப்பேனோ. நாளைக் காலையில மட்டும் பதில் குடுக்காம இரேன்."

"மனுசனா இருந்தா?"

"நான்தான் வேலியில நிக்கறேனே, நானே பதில் குடுக்கறேன். குருவி இழுத்து இழுத்து எங்கயோ கொண்டுபோய் முடிக்கும். மனுசன் ஒரே நீட்டா அடிப்பான். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு சீட்டி அடிக்க வருங்களா?"

"ரயில்வேக்காரனப் பாத்து இதக் கேக்கற."

சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் கரியன் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது கொயினா மாத்திரையோடு மலையேறி வந்தவர் இவர். கரியன் உப்பு வாங்கக் கீழே போயிருந்தான். மகள் வீட்டில் தங்கி நாளைப் பொழுது சாயத்தான் வருவான்.

"சரிங்க," என்றாள்.

மறுநாள் காலை அவள் சாமை குத்திக்கொண்டிருந்தபோது பள்ளத்தில் சீட்டி எழுந்தது. வளைந்து நெளிந்து எங்கோ போய் நின்றது. அவள் உலக்கையை விடவில்லை. இன்னும் கிட்டத்தில் ஒன்று. பிறகு ஓடைப்பக்கமிருந்து ஒரு சீட்டி, ஒரே நீட்டாக.

உலக்கை நின்றது. வேலியைப் பார்த்தாள். பச்சியப்பன் பைனாகுலரைக் கண்ணோடு ஒட்டியபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அசையாமல் நின்றார். அத்திக்கிளையில் கரித்துண்டு மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது. அது தலையைத் திருப்பியபோது தோளில் நீலம் மின்னியது.

ஓடைப்பக்கம் மறுபடியும் அதே நீட்டுச் சீட்டி. அவள் விரல்கள் மோவாய் வரைக்கும் வந்துவிட்டன. மனுசனாக இருந்தால் அவர் அடிப்பார், அவருக்குத்தான் தெரியுமே. கையை இறக்கி உலக்கையை எடுத்தாள்.

குருவி நெடுநேரம் இருந்தது. அது போனபின் பச்சியப்பன் குழந்தை மாதிரி ஓடிவந்தார். "நெத்தியிலயும் நீலம்மா. பட்டு மாதிரி." அவள் களி உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"ஓடைப்பக்கம் ஒண்ணு கேட்டுச்சுங்களே?"

"அதோட சோடியா இருக்கும்," என்றார், களியைப் பிட்டுக்கொண்டே.

உச்சிப்பொழுதுக்கு, கொம்பை ஊன்றியபடி கரியன் வந்து சேர்ந்தான். உப்பு மூட்டை நனைந்து கரைந்திருந்தது. கணுக்கால் சுரைக்காயாக வீங்கியிருந்தது. சாலம்மாள் அவனை உள்ளே உட்காரவைத்து, மஞ்சளும் புளியும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டாள். பச்சியப்பன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பேரப்பயலுவ தூங்க வுடல, நடுச்சாமத்துலயே கெளம்பிட்டேன்," என்றான் கரியன். "ஓடைகிட்ட வந்து வழி தப்பிடுச்சு. அடிச்சு அடிச்சு ஒதடே மரத்துப்போச்சு. அப்பறம் நானா ஏறப்போயித்தான் வழுக்கிட்டுது."

பையின் கயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "கரியா, அது வந்து..." என்றார் பச்சியப்பன்.

கரியன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "குருவிக்கெல்லாம் பதில் சொல்றவளாச்சே நீ. புருசன் அடிச்சா மட்டும் காது அடச்சுக்குதா, புள்ள?"

சாலம்மாள் பற்றின்மேல் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய், வேலியோரம் நின்று பள்ளத்துப் பக்கம் காது கொடுத்தாள்.