தோழிக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம்

மைசூரில் சட்டம் படித்த கடைசி வருடம், நானும் என் அறைத்தோழியும் சர்வதேசச் சட்ட மேற்படிப்புக்காக ஒரே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோம். ஊருக்குள் மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு மளிகைக் கடை மாடியில் குடியிருந்தோம். என் வீடு மார்டள்ளி, அவள் வீடு கௌதள்ளி; இரண்டும் எல்லையோரக் கிராமங்கள். இரண்டு வீட்டிலும் விவசாயம்தான். முழு உதவித்தொகை ஒருவருக்குத்தான் உண்டு. அது கிடைக்காதவள் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனபோது பேராசிரியர், "நீங்களே எழுதிட்டு வாங்கம்மா, சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன்" என்றார். அவர் எல்லோரிடமும் சொல்வதுதான் அது. நான் எழுதினேன்: ஒழுக்கமானவள், நேரம் தவறாதவள், பெரியவர்களை மதிப்பவள். அதைப் படித்த தோழிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஏம்புள்ள, இது மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்பறதா? கொடு இங்க. உன்னுத நான் எழுதறேன், என்னுத நீ எழுது."

போட்டியாளருக்கே பாராட்டு எழுதும் வேலை! இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். எழுத எழுத எனக்கு வயிறு எரிந்தது. மாதிரி வழக்காடல் போட்டியில் நடுவர் கேட்ட கேள்விக்குக் கூசாமல் "தெரியாது" என்றுவிட்டு, மறுநாள் பதிலோடு அவரைத் தேடிப் போனவள் அவள்; அதையும் எழுதினேன். இதைப் படித்தால் நானே அவளைத்தான் எடுப்பேன். அந்தப் பத்தியை அழிக்கக் கை துறுதுறுத்தது. ஆனாலும் அழிக்காமல் விட்டுவிட்டேன். நான் படித்தால் கூச்சத்தில் பாதியை வெட்டிவிடுவேன் என்று என்னுடையதை அவள் காட்டவே இல்லை. பேராசிரியர் இரண்டையும் படித்து, கையெழுத்திட்டு, அவரே அனுப்பினார்.

காணொளி நேர்காணலில் ஓர் அம்மையார் கேட்டார்: "எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும், இதில் கையெழுத்துப் போடாதவர்களின் கதி என்ன என்று கேட்டு வகுப்பை நிறுத்திவிடுவீர்களாமே? உங்கள் ஆசிரியர் எழுதியிருக்கிறார்."

எனக்குத் திக்கென்றது. வகுப்பே அலுத்துக்கொள்ளும் கேள்வி அது. என் கெட்ட பழக்கம் என்றே நினைத்திருந்தேன். அதையே பிடித்துக்கொண்டு பேசினேன். கீழே சந்தில் ஆட்டோக்கள் போட்ட சத்தம்கூட உறைக்கவில்லை. இன்றுவரை என் ஆராய்ச்சி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

உதவித்தொகை எனக்கு வந்தது. மின்னஞ்சலைக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, மடிக்கணினியை என் பக்கம் தள்ளினாள்.

"நான் எழுதினது ஜெயிச்சிருச்சு. நீ எழுதினது தோத்துருச்சு. அடுத்த வருசத்துக்காவது ஒழுங்கா எழுது கணே" என்றாள். தோழியை 'டீ' போட்டுக் கூப்பிடும் கன்னடம் அது.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். அந்தக் கடிதம் தோற்கவில்லை.